மொண்டு, அள்ளி: ஒரு படத்துக்குப் பாட்டெழுதப் போன கதை

கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் போகும் வழியில் எங்கள் ஊர். கேரளம்தான். பஸ் போர்டு மலையாளம், ரேஷன் கார்டு மலையாளம், வீட்டுச் சண்டை மட்டும் தமிழ். பக்கத்தில் ஒரு தமிழ் மீடியம் பள்ளிக்கூடத்தில் தினக்கூலி டீச்சராக இருக்கிறேன். ஆண்டு விழாவுக்கும் மாரியம்மன் நோம்பிக்கும் பாட்டெழுதிக் கொடுப்பேன். அவ்வளவுதான் என் பாட்டு அனுபவம். எம்.எஸ்.விஸ்வநாதன் பிறந்த எலப்புள்ளி எங்களுக்குப் பக்கம், பி.லீலா பிறந்த சித்தூரும் பக்கம். மெட்டுப் போட்டவரும் பாடியவரும் இந்தப் பக்கத்திலிருந்து போயிருக்கிறார்கள். பாட்டெழுதப் போன பொம்பளை என்று ஒருத்தரை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அதனால்தானோ என்னவோ, 2022 ஜனவரியில் ஒரு டைரக்டர் கூப்பிட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

படத்தின் கதையே பாட்டெழுதும் ஒரு பெண்ணைப் பற்றியது. எழுபதுகளில் பாலக்காட்டு ஓரத்திலிருந்து சென்னைக்குப் போய் வாய்ப்புத் தேடுகிறாள். எழுதுவது அவள், பேர் போவது புருஷனுக்கு. கடைசியில் ஒரு ரெக்கார்டிங்கில், எல்லார் முன்னாலும், "இது என் பாட்டு" என்கிறாள். மலையாளமும் தமிழும் கலந்த சின்ன பட்ஜெட் படம். நாலு தமிழ்ப் பாட்டு, பாட்டுக்கு 15,000, மொத்தம் 60,000 என்று பேச்சு. இந்தக் கதையை எனக்குச் சொல்லும்போது டைரக்டர் தம்பிக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான். இப்படி ஒரு கதையை எடுக்கிறவர்கள் என் பேரில் கை வைப்பார்கள் என்று யாராவது நினைப்பார்களா? நான் நினைக்கவில்லை. படத்தின் கருத்து வேறு, படக் கம்பெனியின் கணக்கு வேறு. இது எனக்கு அப்போது தெரிந்திருந்தால் இதை எழுத வேண்டிய வேலையே இருந்திருக்காது.

அக்ரிமென்ட் என்று ஆறு பக்கம் நீட்டியது கொச்சியில், கம்போசிங் நடந்த ஃப்ளாட்டில், சாயங்காலம் ஐந்தரைக்கு. எனக்கு ஆறே காலுக்கு ரயில். மலையாளம் தண்ணீர் பட்ட பாடு, இங்கிலீஷ் படிப்பேன், ஆனால் வக்கீல் இங்கிலீஷ் வேறு ஜாதி. "வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படிச்சிட்டு வர்றேன்" என்றேன். மியூசிக் டைரக்டர் சிரித்துக்கொண்டே, "சேச்சிக்கு எங்களெ விஸ்வாசமில்லே?" என்றார். அந்த ஒரு கேள்விக்குத்தான் நான் கையெழுத்துப் போட்டேன். காசுக்கு இல்லை, படத்துக்கு இல்லை, மரியாதைக்கு. நம்ம வீட்டில் வளர்ந்த பெண்களுக்கு நம்பிக்கையில்லை என்று சொல்ல வாய் வராது. உங்களிடமும் இதே கேள்வியைத்தான் கேட்பார்கள். "விஸ்வாசம் இருக்குங்க, ரயிலுக்கு நேரமாச்சு, ரெண்டு நாள்ல போட்டு அனுப்பறேன்" என்று எழுந்துவிடுங்கள். பேப்பரை வீட்டுக்குக் கொடுக்க மறுத்தால் அதிலேயே பதில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டாலும் ஒரு காப்பி உங்கள் பையில் இருந்தாக வேண்டும். எனக்கு "ஸ்கேன் பண்ணி அனுப்பறோம்" என்றார்கள். ஒன்றரை வருஷம் கழித்து, வக்கீல் நோட்டீஸ் போன பிறகுதான் அந்த ஸ்கேன் வந்தது.

அதற்குள் என்ன எழுதியிருந்தது என்பதைப் பின்னாலேதான் படித்தேன். உலகம் பூராவும், எக்காலத்துக்கும், இனிமேல் கண்டுபிடிக்கப்போகிற எல்லா ஊடகத்திலும் உரிமை அவர்களுக்கு. பேர் போடுவது தயாரிப்பாளர் விருப்பம். ராயல்டி கேட்க மாட்டேன். பாலக்காட்டில் ஒரு வக்கீலம்மா இதைப் படித்துவிட்டுச் சொன்னதை அப்படியே சொல்கிறேன். 1957ஆம் வருஷத்துக் காப்பிரைட் சட்டத்தில் 2012ல் ஒரு திருத்தம் வந்திருக்கிறது. சினிமாவுக்கு எழுதிய பாட்டாக இருந்தாலும், தியேட்டரில் படத்தோடு ஓடுவதைத் தவிர மற்ற வழியில் அந்தப் பாட்டு சம்பாதிக்கும் ராயல்டியில் எழுதியவருக்குச் சம பங்கு உண்டு. அதை யாருக்கும் விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட முடியாது, வாரிசுகளுக்கோ, ராயல்டி வசூலித்துக் கொடுக்கிற காப்பிரைட் சொசைட்டிக்கோ எழுதிக் கொடுப்பதைத் தவிர. போட்டாலும் அந்த வரி செல்லாது. அதே போல, எழுதியவர் நான்தான் என்று சொல்லும் உரிமை 57ஆம் பிரிவில் இருக்கிறது, மற்ற உரிமையெல்லாம் விற்ற பிறகும் அது நம்மிடமே நிற்கும். அக்ரிமென்டில் காலம் எழுதாமல் விட்டிருந்தால் சட்டம் அதை 5 வருஷம் என்று எடுத்துக்கொள்ளும், எல்லை எழுதாமல் விட்டால் இந்தியா மட்டும். அதனால்தான் அவர்கள் 'எக்காலத்துக்கும்', 'உலகம் பூராவும்' என்று மறக்காமல் எழுதுகிறார்கள். அந்த இரண்டு சொல்லைத்தான் முதலில் அடித்துத் திருத்தக் கேட்க வேண்டுமாம். சினிமாவில் புதுசாக வருகிறவளுக்கு அடித்துத் திருத்துகிற தெம்பு எங்கிருந்து வரும் என்று கேட்டேன். "அடிக்க முடியலைன்னாலும் பேர் எப்படி வரும்ங்கிற ஒரு வரியையாவது சேர்க்கச் சொல்லு. காசு இல்லாத வரி, அதுக்குச் சண்டை போட மாட்டாங்க" என்றார். டைட்டில் கார்டு, போஸ்டர், லிரிக் வீடியோ, பாட்டு கேட்கிற ஆப் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக எழுதச் சொன்னார்.

இனி வேலை நடந்த விதம். மெட்டு முதலில் வரும். மியூசிக் டைரக்டர் நடுராத்திரி வாட்ஸ்அப்பில் "தன்னன தானன" என்று முனகி அனுப்புவார், சில சமயம் மலையாள டம்மி வரியோடு. அதன் சந்தத்துக்குத் தமிழ் உட்கார வேண்டும். எனக்கு யாரும் சொல்லித் தராமல் பட்டுத் தெரிந்த ஒன்று: மெட்டு உச்சத்துக்குப் போய் நிற்கிற இடத்தில் நெடில் வைக்க வேண்டும், ஆ, ஏ, ஓ என்று வாய் திறக்கிற மாதிரி. அந்த இடத்தில் ஒரு வல்லின மெய்யைக் கொண்டுபோய் வைத்தால் பாடுகிறவருக்குத் தொண்டை அடைக்கும், உடனே "வரி சரியில்லை" என்று திரும்பி வரும். வரி நன்றாகத்தான் இருக்கும், எழுத்துதான் தப்பு. இது தெரியாமல் முதல் பாட்டுக்கு மட்டும் ஏழு தடவை எழுதினேன். இன்னொரு சந்தோஷமும் சொல்ல வேண்டும். ட்ராக், அதாவது மாதிரிக்கு முதலில் பாடி வைப்பதை, பாடிய பெண் திருச்சூர்க்காரி, தமிழ் எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் ழகரம் அட்சர சுத்தம். நம்ம ஆட்களே 'வாளைப்பளம்' என்று பாடுகிற காலத்தில் எனக்குக் கும்பிடத் தோன்றியது.

பதினொரு தடவை கொச்சி போய் வந்தேன். ஊரிலிருந்து பாலக்காடு பஸ், ஒலவக்கோட்டிலிருந்து ரயில், அங்கிருந்து ஆட்டோ. ஒரு தடவைக்கு 650 ரூபாய் போல ஆகும். 14 நாள் பள்ளிக்கூடம் போகவில்லை. தினக்கூலிக்கு லீவு ஏது? ஒரு நாளைக்கு 900 என்று வைத்தாலும் 12,600 போச்சு. இதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பயணப்படியை முதல் போனிலேயே பேச வேண்டும், பிறகு கேட்டால் பிச்சை கேட்கிற மாதிரி ஆகிவிடும். இரண்டு தடவை சிட்டிங் ராத்திரி பத்தைத் தாண்டியது. யாரும் தப்பாக நடக்கவில்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். ஆனால் ஐந்து ஆண்கள் இருக்கிற ஃப்ளாட்டில் ரயிலைக் கோட்டை விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கும்போது வரியா வரும்? மூன்றாவது தடவையிலிருந்து, "பகல்ல வெச்சுக்கலாம், இல்லாட்டி போன்லயே பேசிக்கலாம்" என்றேன். முகம் சுளித்தார்கள், ஆனால் நடந்தது. பாதி சிட்டிங் போனிலேயே முடிந்தது என்றால் முதல் இரண்டு தடவை எதற்குக் கூப்பிட்டார்கள் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. 2024 ஆகஸ்டில், மலையாள சினிமாவில் பெண்கள் படும் பாட்டைப் பற்றிய ஹேமா கமிட்டி ரிப்போர்ட் வெளியான போது பேப்பரில் ஒரு வரி விடாமல் படித்தேன். மற்ற கொடுமைகளுக்கு நடுவே, பெண்களுக்கு எழுத்து மூலமான ஒப்பந்தம் இல்லாதது, கழிப்பறை இல்லாதது என்று சின்னச் சின்னதாக நினைப்பதையும் அதில் எழுதியிருந்தார்கள். சின்னது இல்லை என்று எனக்குத் தெரியும்.

இப்போது அந்த நாலாவது பாட்டு. படத்தில் கதாநாயகி தன் சொந்தப் பாட்டு என்று சொல்லும் பாட்டு அதுதான். எங்கள் பக்கம், வடகரப்பதி, எருத்தேம்பதி எல்லாம் கேரளம் என்றாலும் மழை மறைவு. பச்சைப்பசேல் கேரளத்தை நாங்களும் காலண்டரில்தான் பார்த்தோம். அம்மா சின்ன வயதில் ராத்திரி கிணற்றடியில் காத்திருந்து ஊறுகிற தண்ணீரை மொண்டு வருவாராம். அதை நினைத்து ஒரே உட்காரலில் வந்த பல்லவி: "கெணத்து நெலாவ மொண்டு வந்தேன், கொடத்துக்குள்ள காணலயே." 'காணலயே' என்பதில் அந்த ஏகாரம் உச்சத்தில் போய் நின்றது. போனில் பாடிக் காட்டினேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு மியூசிக் டைரக்டர் சொன்னார், "மொண்டு வேண்டா சேச்சி, ஆர்க்கும் மனசிலாவில்லா. அள்ளி போடலாம்." தண்ணீரை மொள்ளுவார்கள், மண்ணைத்தான் அள்ளுவார்கள் என்று பத்து நிமிஷம் சொன்னேன். தண்ணீரையும் அள்ளலாம்தான், இரண்டு கையைக் குவித்து. ஆனால் கிணற்றுக்கும் குடத்துக்கும் நடுவில் இருக்கிற சொல் மொண்டு. அவர் விடவில்லை. சரி, மெட்டு அவருடையது, ஒரு சொல்தானே என்று விட்டுக்கொடுத்தேன்.

2023 ஆகஸ்டில் படம் ஓடிடியில் வந்தது. எனக்கு யாரும் சொல்லவில்லை. எட்டாம் கிளாஸ் பையன் ஒருத்தன் போனைக் கொண்டுவந்து, "டீச்சர், இது நீங்க எங்களுக்குச் சொன்ன பாட்டுதானுங்களே, வேற பேர் போட்டிருக்குது" என்றான். நாலு பாட்டுக்கும் இசை, வரிகள் இரண்டிலும் மியூசிக் டைரக்டர் பேர். ராத்திரி படத்தைப் போட்டேன். டைட்டில் கார்டில் நான் இல்லை. கடைசியில் ஓடுகிற நன்றி வரிசையில், ஷூட்டிங்குக்கு வீடு கொடுத்தவருக்கும் சாப்பாடு போட்ட மெஸ்ஸுக்கும் நடுவில் என் பேர், அதுவும் இனிஷியல் தப்பாக. அதற்குச் சரியாக ரெண்டு நிமிஷம் முன்னாலேதான் கதாநாயகி "இது என் பாட்டு" என்று அழுதுகொண்டிருந்தாள். நான் அழவில்லை. சிரிப்பு வந்தது, பிறகு வாந்தி வருகிற மாதிரி இருந்தது. அம்மா பாட்டைக் கேட்டுவிட்டு, "அள்ளிங்கறா? வாளியில போயி ஆராச்சும் அள்ளுவாங்களா அம்மிணி?" என்றார். எனக்கு அதற்கு அப்புறம்தான் கோபமே வந்தது.

மியூசிக் டைரக்டருக்குப் போன் பண்ணினேன். "பல்லவியில நானும் எழுதியிருக்கேனே சேச்சி, அப்ப ரெண்டு பேர் பாட்டுதானே" என்றார். ஒரு சொல். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் பத்து நிமிஷம் பிடிவாதம் பிடித்தாரா என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம். அன்றைக்கே "சரி, மாத்திக்கறேன். வரிகள் என்னோடதுதான், ஒரு சொல் உங்க யோசனைன்னு மெயில்ல போடறேன்" என்று எழுதியிருந்தால் முடிந்திருக்கும். நீங்கள் எழுதினால், யார் எதை மாற்றச் சொன்னாலும் மாற்றிய அன்றே எழுத்தில் போட்டுவிடுங்கள். சண்டையாக இல்லை, நன்றி சொல்கிற மாதிரியே போடலாம்.

ஏனென்றால் சாட்சி தேடும்போதுதான் என் நிலைமை தெரிந்தது. என் வாய்ஸ் மெசேஜ் எல்லாம் பழைய போனில் இருந்தது, அந்தப் போன் தண்ணீர்த் தொட்டியில் விழுந்து செத்துப்போயிருந்தது, பேக்கப் போட்டு வைக்கிற பழக்கம் எனக்கு இல்லை. மிஞ்சியது இரண்டு. ஒன்று, பாட நோட்டின் பின்பக்கங்கள். டீச்சர் புத்தி, எழுதுவதற்கு முன்னால் தேதி போட்டுவிடுவேன், அடித்தல் திருத்தலோடு நாலு பாட்டும் இருந்தது. இன்னொன்று அந்தத் திருச்சூர்ப் பெண். உச்சரிப்புக்காக என் குரலில் பாடி அவளுக்கு மட்டும் அனுப்பிய ஸ்க்ராட்ச் பதிவு, 'மொண்டு' என்கிற சொல்லோடு, அவள் போனில் இருந்தது. "ஞான் களஞ்ஞிட்டில்லா சேச்சி", நான் அழிக்கவில்லை அக்கா என்று அனுப்பிவைத்தாள். அதே மியூசிக் டைரக்டரிடம்தான் அவளுக்கு அடுத்த வேலையும் இருந்தது. அதை நினைத்தால் இப்போதும் மனசு நெகிழ்கிறது. இப்போது நான் ஒவ்வொரு வரைவையும் டைப் அடித்து மியூசிக் டைரக்டருக்கும் எனக்கும் மெயில் போடுகிறேன். காப்பிரைட் எழுதிய உடனே நமக்கு வந்துவிடும், பதிவு கட்டாயமில்லை. ஆனால் பதிவு செய்தால் வழக்கில் அதுவே முதல் சாட்சி. இலக்கியப் படைப்பு என்ற வகையில் ஆன்லைனில் 500 ரூபாய் கட்டணம், ஆட்சேபம் வருகிறதா என்று 30 நாள் காத்திருக்க வேண்டும். பாட்டு ஒப்படைக்கும் முன்னே இதைச் செய்திருந்தால் எனக்கு ஆறு மாதம் மிச்சம்.

பணக் கதையும் இருக்கிறது. அட்வான்ஸ் 10,000 என்று சொல்லி 9,000 போட்டார்கள், 1,000 டிடிஎஸ், அதாவது முன்னாலேயே பிடித்துக் கட்டுகிற வருமான வரி என்றார்கள். வருமான வரி தளத்தில் 26ஏஎஸ் என்று ஒரு படிவம் இருக்கிறது, நம் பான் எண்ணில் யார் எவ்வளவு பிடித்துக் கட்டினார்கள் என்று அதில் தெரியும். போய்ப் பார்த்தேன், ஒரு பைசா கட்டவில்லை. பிடித்தது வரியில்லை, வெறும் பிடிப்பு. வக்கீலம்மாவுக்கு இந்தத் தகவல்தான் ரொம்பப் பிடித்தது. பேர் போடாததைப் பற்றி எழுதியபோது வராத பதில், இதை நோட்டீஸில் சேர்த்தபோது நாலே நாளில் வந்தது.

வக்கீல் செலவு 3,000. மீதி 50,000ல் 26,000 தருகிறோம், இனி எந்த ராயல்டியும் கேட்க மாட்டேன் என்று எழுதிக்கொடு என்றார்கள். அந்த வரி செல்லாது என்று தெரிந்தாலும் போடாதே என்றார் வக்கீலம்மா, போடவில்லை. காசை வாங்கிக்கொண்டேன். இன்னும் இழுத்திருக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். இழுப்பதற்கும் பஸ் காசு வேண்டும். கூட்டிக் கழித்தால் வந்தது 35,000, போனது 22,750, பதினாலு மாத வேலைக்குக் கையில் நின்றது 12,250.

பேர் விஷயத்தில், பாட்டு கேட்கிற ஆப்புகளுக்கு நான் தனித்தனியாகப் புகார் அனுப்பி இரண்டு மாதம் வீணடித்தேன். பாட்டை ஏற்றியவர்கள் என்ன எழுதிக் கொடுத்தார்களோ அதுதான் அங்கே தெரியும். ஏற்றிய லேபிளோ டிஸ்ட்ரிபியூட்டரோதான் திருத்த வேண்டும், நேராக அவர்களையே பிடிக்க வேண்டும். 2024 பிப்ரவரியில் மூன்று பாட்டுக்கு என் பேர் வந்தது. நாலாவது பாட்டில் இரண்டு பேர், அவர் பேர் முதலில். டைட்டில் கார்டை மாற்ற முடியாது, ஃபைல் போய்விட்டது என்றார்கள். நன்றி வரிசையில் இனிஷியல் இன்னும் தப்பாகத்தான் ஓடுகிறது.

அதற்குப் பிறகு ஐபிஆர்எஸ்ஸில் உறுப்பினரானேன். 1969லிருந்து இருக்கிற சொசைட்டி, மும்பையில் ஆபீஸ். பாட்டெழுதுகிறவர்கள், மெட்டுப் போடுகிறவர்கள் பேரில் ராயல்டி வசூலித்துப் பிரித்துக் கொடுப்பது அவர்கள் வேலை. விண்ணப்பம் ஆன்லைனிலேயே முடிந்தது. பான், பேங்க் விவரம், வெளியான பாட்டின் லிங்க் எல்லாம் கேட்டார்கள். உறுப்பினரானால் மட்டும் போதாது, ஒவ்வொரு பாட்டையும் யாருக்கு எவ்வளவு பங்கு என்று பதிய வேண்டும். லிங்கில் பேர் தப்பாக இருந்தால் காசும் தப்பான வீட்டுக்குத்தான் போகும், அதனால் முதலில் பேர், பிறகு இது. முதல் தடவையாக என் கணக்கில் விழுந்தது 412 ரூபாய். சிரிக்காதீர்கள். அம்மாவுக்கு ஒரு குடம் வாங்கிக் கொடுத்தேன், பிளாஸ்டிக்தான்.

போன மாதம் பொள்ளாச்சியிலிருந்து ஒருத்தர் கூப்பிட்டார். ஆல்பம் பண்ணுகிறாராம், மூணு பாட்டு, கிராமத்து வாசனை வேணுமாம். நல்ல மனுஷராகத்தான் பேசினார். "அக்ரிமென்ட் அனுப்புங்க, வீட்டுல வெச்சுப் படிச்சிட்டுச் சொல்றேனுங்க" என்றேன். "அதெல்லாம் எதுக்குங்க, நமக்குள்ள?" என்றார். "நமக்குள்ளங்கிறதாலதானுங்க" என்றேன். நாளைக்கே அனுப்புகிறேன் என்றார். இன்னும் வரவில்லை.